சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய பெரிய பண்டிதர்

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வில்லாபுரம்)



நமது ஆண்டு மலரில் ராக்கெட் பற்றி ஒருவர் எழுதியிருப்பார், ரோபோ பற்றி இன்னொருவர் எழுதியிருப்பார். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு தமிழ் வாத்தியாரை. பாலிடெக்னிக் மலரில் தமிழ் இலக்கணத்துக்கு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். கஷ்டமான ஒரு பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் திரும்பப் பொருத்தும்படி செய்து காட்டுவதுதானே நம்ம தொழில்? அதைத்தான் இவர் மொழியில் செய்தார். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தார். அவர்தான் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர்.

பெரிய புராணத்தை உரைநடையில் எழுதியவர், திருக்குறள் பரிமேலழகர் உரையைத் திருத்தமாகப் பதிப்பித்தவர் என்று பெரியவர்கள் இவரைப் புகழ்வார்கள். அந்தப் புகழ் எல்லாம் நியாயமானதே. ஆனால் எனக்கு இவர் பெரியவராகத் தெரிவது வேறு ஒரு காரணத்தால். இவ்வளவு படித்த மனிதர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே! அதுதான் காரணம்.

மணலும் ஓலையும்

இவருடைய காலத்தில் படிப்பு எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். திண்ணைப் பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழக வேண்டும். பிறகு பனை ஓலையும் எழுத்தாணியும் வரும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எல்லாம் மனப்பாடம். மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் பழக்கத்தையும் பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கும் முறையையும் எடுத்துக்கொண்டு போய் இங்கிலாந்தில் மதராஸ் முறை என்ற பெயரிலேயே பரப்பினார். நம்ம ஊர்த் திண்ணையிலிருந்து சீமைக்குப் போன சரக்கு அது!

ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. சொல்லறிவு வேண்டுமென்றால் நிகண்டு. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையையும் பாட்டாக உருப்போட வேண்டும். இலக்கணம் வேண்டுமென்றால் நன்னூல். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. பாயிரத்தையும் சேர்த்து 462 சூத்திரங்கள். அதையும் முதலில் மனப்பாடம் செய்துவிட வேண்டும், அர்த்தம் அப்புறம் வரும். ஓதி ஓதி அறிவு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வீட்டில் படித்தவர்கள் இருந்தால்தான் அந்த அர்த்தம் வரும். வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்குப் பாட்டு வாயில் நிற்கும், பொருள் வாசலிலேயே நின்றுவிடும்.

நல்லூர்ப் பையன்

1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் கந்தர், சிவகாமி தம்பதியருக்கு ஆறுமுகம் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தகப்பனார் போய்விட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று பாதியில் நின்றதாம். அந்தச் சின்ன வயதிலேயே மகன் அதை எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் படித்தார். கூடவே வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்து ஆங்கிலமும் படித்தார். அந்தப் பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பையனின் திறமையைக் கண்டுகொண்டார். அதே பள்ளியில் ஆசிரியர் வேலை கொடுத்தார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையிலும் துணைக்கு வைத்துக்கொண்டார்.

இதை நாம் கவனிக்க வேண்டும் நண்பர்களே. ஒரு பக்கம் பழைய புலவர்களிடம் கேட்ட பாடம், மறு பக்கம் மிஷன் பள்ளியின் ஒழுங்கு. வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைப்பது, கால அட்டவணை போடுவது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அச்சுப் புத்தகம் கொடுப்பது, பாடம் முடிந்ததும் கேள்வி கேட்பது. இரண்டையும் கிட்ட இருந்து பார்த்த மனிதர் அவர். ஒன்றில் சரக்கு இருந்தது, மற்றதில் வழி இருந்தது. இரண்டையும் இணைத்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

சம்பளத்தை விட்டவர்

1848-ல் மிஷன் பள்ளி வேலையை அவர் விட்டுவிட்டார். அப்போது வயது 25. தன் சமயத்துப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சமயத்தையும் தமிழையும் சொல்லித்தரத் தனிப் பள்ளி வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதே ஆண்டு யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. அவரும் கூட இருந்தவர்களும் சம்பளம் இல்லாமலே பாடம் எடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்து ஊர்க்காரர்கள் பள்ளியை நடத்த உதவினார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைநிறையச் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டுப் பிடியரிசியில் பள்ளிக்கூடம் நடத்தினால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன? கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொன்னாலே நம்ம வீட்டில் ஒரு வாரம் சோறு இறங்காது!

அச்சு இயந்திரம் வந்த கதை

பள்ளி இருக்கிறது, வாத்தியார் இருக்கிறார், புத்தகம் எங்கே? ஓலையைப் பார்த்து ஆளாளுக்கு எழுதிக்கொண்டால் ஆளுக்கொரு பிழை வரும். எனவே 1849-ல் அச்சு இயந்திரம் வாங்குவதற்காகக் கடல் தாண்டிச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தபோது அங்கே கொடுத்த பட்டம்தான் நாவலர். நாவன்மை உள்ளவர் என்று பொருள். பெயரே பிறகு அதுவாகிவிட்டது.

சென்னையில் இருந்தபோதே அவர் அச்சிட்ட புத்தகங்களில் ஒன்று சூடாமணி நிகண்டு. உரையோடு அச்சிட்டார். அதாவது சொல்லகராதிக்கு அன்றைக்கு இருந்த புத்தகத்தைத்தான் முதலில் கையில் எடுத்திருக்கிறார். பிறகு இயந்திரத்தோடு யாழ்ப்பாணம் திரும்பி வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்தார். அதன் பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை. வாயில் நுழையவில்லையா? கல்வியைக் காக்கும் இயந்திரசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு சந்தோஷம். படிப்பையும் இயந்திரத்தையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்துவிட்டாரே!

பாலபாடம் என்ற படிக்கட்டு

அந்த அச்சுக்கூடத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே, 1850-ஐ ஒட்டி, பாலபாடம் வெளிவரத் தொடங்கியது. மொத்தம் நான்கு புத்தகங்கள். பால என்றால் சிறு பிள்ளை. முதல் புத்தகம் எழுத்திலிருந்து தொடங்கும். அடுத்தது சின்னச் சொற்கள். அதற்கு மேல் சின்ன வாக்கியங்கள். புத்தகம் ஏற ஏற வாக்கியம் நீளும், பொருளும் கனக்கும். நான்காம் புத்தகத்துக்கு வரும்போது கல்வி, களவு, பொய், கள்ளுண்ணல் என்று தலைப்புப் போட்ட கட்டுரைகளையே பிள்ளை வாசிக்கிறான்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். எல்லாப் பாடப் புத்தகமும் இப்படித்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பாட்டை உருப்போட்டு ஆரம்பித்த காலத்தில், உரைநடையை வாசித்து ஆரம்பிக்கலாம் என்று காட்டியது பெரிய திருப்பம். மிஷன் பாதிரிமார்கள் அதற்கு முன்பே பள்ளிப் புத்தகங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த முறையை எடுத்து, தமிழ்ப் புலமையோடு சேர்த்து, பிழையில்லாமல் கொடுத்தவர் நாவலர். நீண்ட சந்திகளைப் பிரித்தார். கால்புள்ளி, முற்றுப்புள்ளி போன்ற குறியீடுகளைத் தமிழ் உரைநடையில் நன்றாகப் பயன்படுத்தியவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. எங்கே மூச்சு விட வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டும் அடையாளம் அல்லவா அது!

இலக்கணத்துக்குக் கேள்வித்தாள்

அடுத்தது இலக்கணம். இதற்கு அவர் எழுதியவை இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம். நன்னூலுக்கு ஒரு காண்டிகை உரையும் எழுதினார். இலக்கணச் சுருக்கத்தில் சூத்திரம் கிடையாது. விதியை உரைநடையில் சொல்வார், உடனே உதாரணம் தருவார். ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு. ஒரு பகுதி முடிந்ததும் அந்தப் பகுதியிலிருந்தே கேள்விகள் வரிசையாக வரும். நம்ம கேள்வி வங்கி மாதிரி! படித்தது புரிந்ததா என்று பிள்ளை தானே சோதித்துக்கொள்ளலாம்.

அமைப்பும் அழகு. முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு தொடர்மொழி என்று மூன்று அதிகாரங்கள். நன்னூலில் எழுத்தும் சொல்லும்தான் தனி அதிகாரங்கள். சொல்லைச் சொல்லோடு சேர்த்து வாக்கியம் ஆக்குவதற்கு இவர் தனியாக ஓர் அதிகாரமே வைத்துவிட்டார். வாக்கியம் எழுதத் தெரியாமல் இலக்கணம் படித்து என்ன பிரயோசனம் என்று நினைத்தார் போலும்.

நம்ம பாஷையில் சொல்கிறேன். 12 உயிரும் 18 மெய்யும் மூலப்பொருள். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 உயிர்மெய். ஆய்தத்தையும் சேர்த்தால் 247 எழுத்துகள். படித்தான் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸைக் கழற்றுவது மாதிரி கழற்றினால் படி என்பது பகுதி, முதல் த் சந்தி, அடுத்த த் இறந்தகாலம் காட்டும் இடைநிலை, ஆன் என்பது விகுதி. ஆனைக் கழற்றிவிட்டு ஆளை மாட்டினால் படித்தாள். ஆரை மாட்டினால் படித்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை. இது புரிந்துவிட்டால் மனப்பாடம் எதற்கு?

அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஜி.யு. போப் பாதிரியாரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ் இலக்கணத்தைக் கேள்வி பதில் முறையில் எழுதினார். சமயத்தில் இருவரும் எதிர்த் திசை. ஆனால் பிள்ளைக்கு எளிதாகச் சொல்ல வேண்டும் என்பதில் ஒரே திசை.

எங்க தெருவில்

இதை எல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்க வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான்தான். அப்பா விளக்குத்தூண் பக்கம் மூட்டை தூக்குகிறார், அம்மா பூக் கட்டுகிறார். இருவருக்கும் கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் எழுத வராது. அதனாலோ என்னவோ, சாயங்காலம் ஆனால் தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஸ்லேட்டும் நோட்டுமாக எங்க வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

பந்துகள் உருண்டது என்று ஒருவன் எழுதுவான். ஒரு பந்தை உருட்டி உருண்டது என்று எழுத வைப்பேன், இரண்டு பந்தை உருட்டி உருண்டன என்று எழுத வைப்பேன். அவ்வளவுதான், ஒருமை பன்மை முடிந்தது. நம்ம மதுரைப் பக்கம் வாழைப்பழம் வாயில் வாளப்பளம் ஆகிவிடும். வலி என்றால் நோவு, வழி என்றால் பாதை, வளி என்றால் காற்று என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படம் போட்டால் பிள்ளைகள் மறப்பதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து புதுச் சொல், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம். பாலபாடத்தைப் பார்த்த பிறகு நான் பிடித்துக்கொண்ட ஒழுங்கு இது. எழுத்து, சொல், வாக்கியம், அப்புறம் கேள்வி. இந்த வரிசையை மாற்றுவதே இல்லை.

தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதலாம் ஆண்டு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து விழித்தோமே, நம்மில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும் இதே மருந்துதான். சொல்லைப் பிடி, வாக்கியத்தில் வை, நீயே கேள்வி கேட்டுக்கொள்.

கேட்க வேண்டிய கேள்வி

புகழ்ந்துகொண்டே போனால் அது வரலாறு ஆகாது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாவலர் சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவர். அவருடைய எழுத்திலேயே அது தெரிகிறது. ஒடுக்கப்பட்ட மக்களை அவர் தம் கல்விப் பணிக்குள் சேர்த்து நினைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். என் தாத்தாவின் தாத்தா அந்த வண்ணார்பண்ணைப் பள்ளி வாசலில் போய் நின்றிருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் இவரைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன்? பள்ளிக்கு வாசல் உண்டு, வாசலுக்குக் காவலும் உண்டு. அச்சடித்த புத்தகத்துக்கு அது கிடையாது. யார் கையில் போய்ச் சேரும் என்று அடித்தவருக்கே தெரியாது. இலக்கணத்தைப் புலவர் வீட்டு ஓலையிலிருந்து இறக்கி, யாரும் வாசிக்கக்கூடிய உரைநடையில் அவர் வைத்த அன்றைக்கே, அது அவர் நினைத்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வாசலைத் திறந்தது வேறு பலருடைய பாடு. காமராசர் காலத்தில் 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் நம்ம மதுரையில், ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. வாசலைத் திறந்தவர்களையும் கும்பிடுவோம். உள்ளே வந்த பிள்ளைக்குப் புரியும்படி எழுதிக் காட்டியவரையும் மறக்க வேண்டாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நானும் நீங்களும் இங்கே இல்லை.

கடைசிக் காலமும் மதுரைத் தொடர்பும்

1864-ல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். 1872-ல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பள்ளி ஒன்றும் தொடங்கினார். பணம் போதாமல் அது சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. எல்லாக் காரியமும் அவருக்கு ஜெயிக்கவில்லை. 1876, 77-ல் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். 1879 டிசம்பர் 5 அன்று காலமானார். வயது 57 கூட நிறையவில்லை.

நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அவருடைய பதிப்புகளுக்குத் துணை நின்றவர் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். அந்தப் பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நாவலருடைய உரைநடையை வாயாரப் பாராட்டிய பரிதிமாற் கலைஞர் பிறந்த விளாச்சேரி, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வில்லாபுரத்திலிருந்து ஒரு சைக்கிள் மிதி தூரம்.

நண்பர்களே! பெரிய விஷயத்தைப் பெரிய வார்த்தையில் சொல்வது சுலபம். அதைச் சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல நிறையப் படித்திருக்க வேண்டும், அதோடு கொஞ்சம் மனசும் வேண்டும். டிப்ளமோ முடித்து நாம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், நம்ம தெருவில் ஸ்லேட்டோடு ஒரு பிள்ளை நிற்கும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் போதும். ஐந்து சொல், ஐந்து வாக்கியம், இரண்டு கேள்வி. செலவு ஒரு சாக்பீஸ். சாதி கேட்காமல், காசு கேட்காமல் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்போம். நாவலர் கட்டிய படிக்கட்டில் அவர் ஏற்ற மறந்த பிள்ளைகளையும் நாம் ஏற்றிவிடுவோம்.